கலிபோர்னியா தனியாகச் செய்ய முடியுமா? மாநில அளவில் சிங்கிள் பேயர் பற்றிப் பேசுவோம்

கரிசல்மண் (சான்டா கிளாரா)

என் மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. இன்சுலின் பம்ப், கையில் ஒட்டிய சென்சார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்டோகிரைன் டாக்டர் என்று ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தோம். 2023 ஜனவரியில் எனக்கு லேஆஃப். மெயிலைப் படித்துவிட்டு நான் முதலில் போய்த் திறந்தது ஃப்ரிட்ஜை. இன்சுலின் குப்பி எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணினேன்.

பிறகு கோப்ரா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை போன பிறகும் பழைய இன்ஷூரன்ஸைப் பதினெட்டு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும், மேலே 2 சதவீதம் நிர்வாகச் செலவு வேறு. எங்களுக்கு மாதம் 2,380 டாலர் வந்தது. சம்பளம் இல்லாத ஐந்து மாதமும் கட்டினேன். புது வேலை கிடைத்ததும் புது இன்ஷூரன்ஸ். பழைய டாக்டர் அவர்கள் நெட்வொர்க்கில் இல்லை. பம்புக்கு மறுபடி பிரையர் ஆத்தரைசேஷன், அதாவது இன்ஷூரன்ஸின் முன் அனுமதி. இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகையும் மறுபடி முதலிலிருந்து. குழந்தைக்கு இருப்பது அதே நோய்தான். அப்பாவுக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் மாறியதற்காக அவள் சிகிச்சை ஏன் அறுந்து மறுபடி தொடங்க வேண்டும்?

அந்த ஐந்து மாதத்தில்தான் சிங்கிள் பேயர் பற்றி உட்கார்ந்து படித்தேன். பலர் நினைப்பதுபோல் ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்துக்கொள்வது அல்ல. டாக்டர் தனியாரே, ஆஸ்பத்திரி இன்று யாருடையதோ அவர்களுடையதே. பில்லை மட்டும் ஒரே பொது நிதி கட்டும். எல்லோரும் வருமானத்துக்கு ஏற்ப அந்த நிதியில் போடுவோம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். பணம் இப்போதே போய்க்கொண்டிருக்கிறது. 2023இல் இந்த நாடு மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 டிரில்லியன் டாலர், மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். 2024இல் கம்பெனி வழியாக ஒரு குடும்பத்துக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸின் சராசரி பிரீமியம் 25,572 டாலர். அதில் நம் சம்பளச் சீட்டில் பிடிப்பது சுமார் கால் பங்கு. மீதியைக் கம்பெனி கட்டுவதாகச் சொன்னாலும் அது நம் கைக்கு வராமல் போன சம்பளம்தான். அதை யாரும் வரி என்று சொல்வதில்லை.

வாஷிங்டனில் இது நடக்கும் என்று என் மகள் கல்லூரி முடிக்கும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. கனடாவிலும் இது தலைநகர் ஒட்டாவாவில் தொடங்கவில்லை, சஸ்காச்சுவான் என்ற ஒரு மாகாணத்தில் தொடங்கியது. 3.9 கோடி மக்கள் உள்ள கலிபோர்னியாவால் ஏன் முடியாது? எதிர்க்கருத்து இருப்பவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.

மதனி (ஃப்ரீமாண்ட்)

நான் பதினாலு வருஷமா மெடிக்கல் பில்லிங், கோடிங் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் பில்லுல கோட் போடறது) பார்க்கிறேன். எங்க கிளினிக்ல ஆறு டாக்டர். பில்லிங்ல மட்டும் நாங்க அஞ்சு பேர்.

நாள் முழுக்க என்ன செய்யறோம்னு சொல்றேன். ஒரே நாள்ல டாக்டர் நோயாளியப் பார்க்கவும் செஞ்சு, ஒரு மருவையும் எடுத்துட்டா, பில்லுல மாடிஃபையர் 25ன்னு ஒரு கூடுதல் கோட் போடணும். ஒரு இன்ஷூரன்ஸ் அதை ஏத்துக்கும். இன்னொன்னு நோட்ஸ் அனுப்புன்னு கேட்கும். மூணாவது நேரா டினை பண்ணும். ஒவ்வொன்னுக்கும் தனி போர்ட்டல், தனி ஃபாரம், கிளைம் போடத் தனித்தனி கெடு. கெடு தாண்டினா பணம் போச்சு. டினை ஆன கிளைம்ல நிறையவே அப்பீல் போட்டா வந்துடும். அப்போ முதல்லயே ஏன் தரல? அப்பீல் போட ஆள் இல்லாத சின்ன கிளினிக் அதை விட்டுடும், அதான்.

2020ல ஹிம்மல்ஸ்டீன், வூல்ஹாண்ட்லர்ங்கற ஆய்வாளர்கள் குழு வெளியிட்ட கணக்கு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவோட மருத்துவச் செலவுல 34 சதவீதம் நிர்வாகத்துக்கே போகுது. கனடால 17. அந்த வித்தியாசத்துலதான் நான் வேலை செய்யறேன். சிங்கிள் பேயர் வந்தா என் வேலை போகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆதரிக்கிறேன். நியூயார்க்ல கொண்டுவந்த சிங்கிள் பேயர் மசோதால என்னை மாதிரி ஆட்களுக்கு வேற வேலைக்குப் பயிற்சி தரணும்னு எழுதியிருக்காங்க. இங்கயும் அதை உறுதியா எழுதணும்.

ஆடுதுறை (சாக்ரமென்டோ)

கரிசல்மண் சார், குழந்தை நல்லா இருக்கணும். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

ஆனா நான் ரெண்டு ஹோட்டல் நடத்தறவன். கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் ஆஷ் கல்ரா 2021ல கொண்டுவந்த ஏபி 1400ங்கற சிங்கிள் பேயர் மசோதாவையும், அதுக்குப் பணம் திரட்ட 2022ல வந்த அரசியல் சட்டத் திருத்தத்தையும் படிச்சேன். கம்பெனிகளோட மொத்த விற்பனைல 2.3 சதவீதம் வரி. லாபத்துல இல்ல சார், விற்பனைல! ஹோட்டல் தொழில்ல நல்ல வருஷத்துல நிக்கிறதே நாலு, அஞ்சு சதவீதம். அதுல பாதியை எடுத்துட்டா நான் எங்க போவேன்? அதுக்கு முன்னாடி இதே மாதிரி 2017ல மாநில செனட்ல பாஸான எஸ்பி 562க்கு அவங்க சொந்த கமிட்டியே வருஷத்துக்கு 400 பில்லியன் ஆகும்னு எழுதிச்சு. அப்போ மாநில பட்ஜெட் மொத்தமே அவ்வளவு கிடையாது. வசதி உள்ளவங்க நெவாடா, டெக்சாஸ்னு கிளம்பிட்டா மிச்சம் இருக்கிற நாங்கதான் கட்டணும்.

நல்ல எண்ணம் வேற, கல்லாப்பெட்டி வேற.

கரிசல்மண் (சான்டா கிளாரா)

ஆடுதுறை சார், நேராக எழுதியதற்கு நன்றி. அந்த 400 பில்லியனை எல்லோரும் சொல்கிறார்கள், அதே அறிக்கையின் அடுத்த வரியைச் சொல்வதில்லை. அதில் பாதி, சுமார் 200 பில்லியன், மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடி-கால் (கலிபோர்னியாவில் வருமானம் குறைந்தவர்களுக்கானது) என்று ஏற்கெனவே அரசு செலவிடும் பணம். மீதி 200 பில்லியன் புதிதாகத் திரட்ட வேண்டியது. அதற்கு எதிர்ப்பக்கம் என்ன வைக்க வேண்டும்? இன்று கம்பெனிகளும் குடும்பங்களும் கட்டும் பிரீமியம், டிடக்டிபிள், ஒவ்வொரு தடவை டாக்டரிடம் போகும்போது கட்டும் கோ-பே எல்லாம். அவை நின்றுவிடும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பாலின் குழு அதே மசோதாவை ஆராய்ந்து மொத்தச் செலவு சுமார் 331 பில்லியன்தான் ஆகும், இப்போதைய செலவைவிடக் குறைவு என்றது. இரண்டில் எது சரி என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது சரியில்லை என்கிறேன்.

விற்பனை வரி பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது மொத்த விற்பனைக்கும் இல்லை, 20 லட்சம் டாலருக்கு மேல் வரும் தொகைக்கு மட்டும். உங்கள் கணக்கைச் சொல்ல விருப்பம் இருந்தால் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

பனிக்காடு (பர்லிங்டன்)

வெர்மான்ட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். நீங்கள் இருவரும் பேசும் இடத்திலேயேதான் நாங்கள் தோற்றோம்.

2011 மே மாதம் ஆளுநர் பீட்டர் ஷம்லின் 'ஆக்ட் 48'இல் கையெழுத்துப் போட்டார். நாட்டிலேயே முதல் தடவை ஒரு மாநிலம் சிங்கிள் பேயரைச் சட்டமாக்கியது. திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் ஹார்வர்டின் வில்லியம் ஷாவ், 1995இல் தைவானில் தொடங்கிய சிங்கிள் பேயரை உருவாக்கியதில் பங்குள்ளவர். அறிவுக்குக் குறைவில்லை. ஆறே கால் லட்சம் பேர் உள்ள மாநிலம், ஊருக்கு ஊர் கூட்டம், எவ்வளவு உற்சாகம்!

ஆனால் சட்டத்தில் பலன் இருந்தது, பணம் எப்படி வரும் என்பது இல்லை. நிதித் திட்டத்தை 2013 தொடக்கத்தில் சட்டமன்றத்துக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொன்னது. தள்ளிப்போட்டார்கள். நடுவில் ஒபாமாகேருக்கான (ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) மாநில இணையதளம் வந்து, வேலை செய்யாமல் திணறியது. இன்ஷூரன்ஸ் கார்டு வாங்க மாதக்கணக்கில் அல்லாடிய மக்கள், இவர்களா முழு மருத்துவத்தையும் நடத்தப்போகிறார்கள் என்று கேட்டார்கள். 2014 தேர்தலில் ஷம்லின் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான் முந்தினார். பாதிக்கு மேல் வாங்காததால் சட்டமன்றம் ஓட்டுப் போட்டு அவரை ஆளுநராக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, டிசம்பர் 17ஆம் தேதி, அவரே திட்டத்தைக் கைவிட்டார். முதலாளிகளுக்குச் சம்பளப் பட்டியலில் 11.5 சதவீத வரி, குடும்பங்களுக்கு வருமானத்துக்கு ஏற்ப 9.5 சதவீதம் வரை. இந்த எண்கள் பொதுமக்களுக்கு முதல் தடவை தெரிய வந்ததே அன்றைக்குத்தான்.

அந்த 11.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் 'உங்கள் பிரீமியம் இனி பூஜ்யம்' என்று ஒரு குடும்பத்தின் கணக்கையாவது போட்டுக் காட்டி மூன்று வருஷம் பேசியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். வரியைக் கடைசிவரை மறைத்து வைத்தார்கள், கடைசியில் வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஆட்கள் பலர் நதியைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயரில் வேலை பார்க்கிறார்கள், அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சின்ன மாநிலத்துக்கு அது பெரிய தலைவலி. கலிபோர்னியாவுக்கு அது அவ்வளவு இல்லை.

கொலராடோவையும் நினைவில் வையுங்கள். 2016இல் இதே மாதிரி ஒரு திட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு. முதலாளி 6.67 சதவீதம், தொழிலாளி 3.33 என்று எண்ணை வெளிப்படையாகவே வைத்தார்கள். எதிர்த்து விழுந்தது சுமார் 79 சதவீதம். எண்ணை மறைத்தாலும் தோல்வி, சரியாக விளக்காமல் நீட்டினாலும் தோல்வி.

ஸ்காபரோ செல்வி (டொராண்டோ)

தம்பி கரிசல்மண், சஸ்காச்சுவானை ஒரு வரியில எழுதிப்போட்டு விட்டிட்டியள். அது ஒரு வரியில முடியிற கதை இல்லை.

முதல்ல என்ர கதை. 1989ல நாங்கள் அகதியா இஞ்ச வந்தனாங்கள். 2016ல என்ர மனுசனுக்கு பைபாஸ் செய்தவை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில. வீட்டுக்கு வரேக்க நாங்கள் குடுத்த காசு கார் நிப்பாட்டினதுக்கு மட்டும்தான். ஓஹிப் எண்ட எங்கட மாகாண அரசாங்கக் காப்பீட்டுக் கார்டைக் காட்டினதோட சரி, ஒரு பில்லும் வீட்டுக்கு வரேல்லை. அதுக்காக எல்லாம் சொர்க்கம் எண்டு சொல்ல மாட்டன். எனக்கு முழங்கால் மாத்துறதுக்குப் பத்து மாசம் காத்திருந்தனான், நோவோட. குடும்ப டாக்டர் கிடைக்காத ஆக்கள் இஞ்ச லட்சக்கணக்கில இருக்கினம். ஆஸ்பத்திரிக்கு வெளியில வாங்கிற மருந்து, பல்லு, கண்ணாடி எல்லாம் கன காலமா இதுக்குள்ள இல்லை. நீங்கள் எழுதிற சட்டத்தில மருந்தை விட்டிடாதேங்கோ. எங்கட ஆக்கள் அண்டைக்கு விட்ட பிழையை இண்டைக்கும் முழுசாத் திருத்த ஏலாமல் கிடக்கு.

இப்ப சஸ்காச்சுவான். அதுவும் மாகாணத்தில தொடங்கேல்லை, அதுக்கும் கீழ தொடங்கினது. 1946ல ஸ்விஃப்ட் கரண்ட் எண்ட சின்னப் பிரதேசம் தன்ர ஆக்களுக்கெல்லாம் டாக்டர் செலவைப் பொது நிதியில கட்டத் தொடங்கிச்சு. கோதுமை விவசாயியள்தான் அங்க கூட. 1947ல மாகாண முதல்வர் டாமி டக்ளஸின்ர அரசாங்கம் ஆஸ்பத்திரிச் செலவை மாகாணம் முழுக்கக் கொண்டு வந்தது. டாக்டர் செலவையும் சேர்க்கிறதுக்கு இன்னும் பதினைஞ்சு வருசம் எடுத்தது. இடையில ஒட்டாவா 1957ல ஆஸ்பத்திரிக்குக் காசு தரச் சட்டம் போட்டதாலதான் மாகாணத்தின்ர கையில கொஞ்சம் மிஞ்சினது. அதை விளங்கிக்கொள்ளுங்கோ. மேல இருந்து காசு வந்த பிறகுதான் கீழ அடுத்த படி ஏறினவை.

1962 ஜூலை 1ந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்த அண்டைக்கே டாக்டர்மார் வேலைநிறுத்தம். 23 நாள். டக்ளஸ் அப்ப தேசிய அரசியலுக்குப் போயிட்டார், வுட்ரோ லாய்டுதான் முதல்வர். எவ்வளவு வசவு அந்த மனுசனுக்கு! பிரிட்டனில இருந்து டாக்டர்மாரைக் கூப்பிட்டுச் சமாளிச்சவை. கடைசியில டெய்லர் பிரபு எண்ட ஆங்கிலேய டாக்டர் வந்து நடுவில நிண்டு ஒப்பந்தம் செய்து வைச்சவர். டாக்டர்மார் அரசாங்க ஊழியர் இல்லை, தனியாத் தொழில் செய்யலாம் எண்டு விட்டுக்குடுத்துத்தான் முடிஞ்சது. பத்து வருசத்துக்குள்ள எல்லா மாகாணத்துக்கும் வந்திட்டுது. லாய்டு 1964 தேர்தலில தோத்துப்போனார். பிறகு வந்த எதிர்க்கட்சியும் அதை நிப்பாட்டேல்லை.

வெண்சட்டை (ஃப்ரெஸ்னோ)

செல்வி அக்கா எழுதியதைப் படித்தபின் டாக்டர் என்ற முறையில் நானும் சொல்ல வேண்டும். நான் சென்ட்ரல் வேலியில் உள்மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலை செய்பவர்கள், மெடி-கால் அட்டை வைத்திருப்பவர்கள். ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

2023 ஜனவரியில் பக்கத்து மடேரா நகர ஆஸ்பத்திரி மூடப்பட்டது. அந்த மாவட்டத்தில் பெரியவர்களுக்கான பொது ஆஸ்பத்திரி அது ஒன்றுதான். அவர்கள் நோயாளிகள் எல்லாம் ஃப்ரெஸ்னோவின் எமர்ஜென்சிக்கு வந்தார்கள், நடைபாதையில் கட்டில் போட்டுப் பார்த்தோம். 2025இல்தான் அது மறுபடி திறந்தது. ஏன் மூடியது? பணக்கார ஊர் ஆஸ்பத்திரி தனியார் இன்ஷூரன்ஸிடம் அதிகம் வாங்கி, மெடி-கால் குறைவாகத் தருவதால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டும். மடேரா போன்ற ஊரில் ஈடுகட்டத் தனியார் இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் போதாது. எல்லா நோயாளிக்கும் ஒரே விலை என்று வந்தால் முதலில் மூச்சு விடப்போவது இந்த மாதிரி ஊர்கள்தான்.

என் நிபந்தனை அந்த விலையில்தான் இருக்கிறது. அதை மெடி-கால் அளவுக்கு இறக்கிவிட்டால் எல்லா ஊரும் மடேரா ஆகும். மெரிலாந்தைப் பாருங்கள். அங்கே சிங்கிள் பேயர் இல்லை. ஆனால் 1970களிலிருந்தே ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஒரு மாநில ஆணையம் வைக்கிறது, யார் பணம் கட்டினாலும் ஒரே விலை. 2014இலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று மொத்த பட்ஜெட்டாகவே தருகிறார்கள். கட்டிலை நிரப்பினால்தான் சம்பாத்தியம் என்ற நிலை அங்கே இல்லை. கிராமத்து ஆஸ்பத்திரிக்கு இது உயிர். கலிபோர்னியா எழுதும் சட்டத்தில் இந்தப் பகுதி வலுவாக இருக்க வேண்டும்.

கணக்கப்பிள்ளை (சியாட்டில்)

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் எரிசா என்ற பெயர் இன்னும் ஒருவர் வாயிலும் வரவில்லை. நான் ஒரு பெரிய கம்பெனியில் ஊழியர் பெனிஃபிட்ஸ் பார்ப்பவன், அந்தச் சட்டத்தோடுதான் என் பிழைப்பு.

1963இல் இந்தியானாவின் சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை மூடியது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பென்ஷன் போயிற்று. அந்தக் கோபத்தில் பிறந்து 1974இல் வந்தது எரிசா சட்டம். பென்ஷனைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். ஆனால் ஊழியர் நலத் திட்டங்கள் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டங்கள் செல்லாது என்ற விதி அதில் இருக்கிறது, மருத்துவத் திட்டமும் அதில் அடங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மாநிலம் கட்டுப்படுத்தலாம். தன் பணத்திலிருந்தே ஊழியர்களின் கிளைமைக் கட்டும் கம்பெனிகளைத் தொட முடியாது. உங்கள் கார்டில் இன்ஷூரன்ஸ் பெயர் இருக்கும், அவர்கள் காகிதம் பார்ப்பவர்கள் மட்டும், பணம் உங்கள் முதலாளியுடையது. 2024இல் கம்பெனி வழி காப்பீடு உள்ள ஊழியர்களில் 63 சதவீதம் பேர் இப்படிப்பட்ட திட்டத்தில் இருந்தார்கள். கரிசல்மண் அண்ணா, உங்கள் ஊர் பெரிய டெக் கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான்.

ஹவாயின் கதை இதற்கு நல்ல உதாரணம். எரிசாவுக்குச் சில மாதம் முன்பு, அதே 1974இல், முதலாளிகள் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று ஹவாய் சட்டம் போட்டது. எரிசாவைக் காட்டி நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1983இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹவாய்க்கு மட்டும் விலக்கு தந்தது. இன்றுவரை அப்படி விலக்கு பெற்ற மாநிலம் வேறு இல்லை.

அதனால் 'உன் திட்டத்தை மூடு' என்று கலிபோர்னியா ஒரு கம்பெனியிடம் சொல்ல முடியாது. ஆனால் சம்பளப் பட்டியலுக்கு வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. வரியும் கட்டி, தன் திட்டத்தையும் இரட்டிப்பாக நடத்த எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது, தானாகவே விட்டுவிடும் என்பது சட்டம் எழுதுபவர்களின் கணக்கு. அதையும் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள், வருஷக்கணக்கில் நடக்கும்.

இரண்டாவது பூட்டு, மெடிகேர், மெடிகெய்டு (உங்கள் மெடி-கால் அதன் கலிபோர்னியா பெயர்தான்) பணம். ஒபாமாகேர் சட்டத்தின் 1332ஆம் பிரிவில் 2017இலிருந்து மாநிலங்கள் விலக்கு கேட்கலாம். ஆனால் அந்தப் பிரிவு எரிசாவையும் தொடாது, மெடிகேரையும் தொடாது. மெடிகெய்டுக்குத் தனி விண்ணப்பம். எல்லாவற்றுக்கும் வாஷிங்டனில் இருக்கும் நிர்வாகம் தலையாட்ட வேண்டும். மெடிகெய்டையே வெட்டி 2025 ஜூலையில் சட்டம் போட்டவர்களிடம் இப்போது போய் எதைக் கேட்பது?

புதுசு (நியூ ஜெர்சி)

ஒரு சின்னக் கேள்வி. நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். இப்படி ஒரு திட்டம் வந்தால் எங்களுக்கும் உண்டா, குடிமக்களுக்கு மட்டுமா? ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு?

கரிசல்மண் (சான்டா கிளாரா)

தம்பி, ஏபி 1400இல் குடியேற்ற நிலையைப் பார்க்காமல் மாநிலத்தில் வசிக்கும் எல்லோரும் என்றுதான் எழுதியிருந்தது. ஹெச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான ஹெச்-4 எல்லாம் அடக்கம். ஆறு மாதம் வந்துபோகும் பெற்றோர் வசிப்பவர் ஆக மாட்டார்கள், அவர்களுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ்தான். அதில் பழைய நோய்க்குப் பெரும்பாலும் பணம் வராது என்பதைப் பார்த்து எடுங்கள்.

கணக்கப்பிள்ளை, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முன்பு எனக்கு எரிசா பெயர் மட்டும்தான் தெரியும். ஆனால் உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அது எங்கள் தொகுதியிலேயே இருக்கிறது. நம் நாடாளுமன்ற உறுப்பினர் ரோ கன்னா 2019இலிருந்து ஒரு மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார். மாநிலங்கள் பொது மருத்துவம் தொடங்க மெடிகேர், மெடிகெய்டு பணத்தை ஒன்றாக்கித் தருவது, எரிசாவிலிருந்தும் விலக்கு தருவது. ஹவாய்க்குத் தந்ததை எல்லா மாநிலங்களுக்கும் திறந்துவிடுவது மாதிரி. அவர் சான்டா கிளாரா, ஃப்ரீமாண்ட் இரண்டுக்கும் பிரதிநிதி. மதனி, நமக்கு அவர் ஆபீஸ் ஒரு போன் தூரம்.

இப்போதைய வாஷிங்டன் தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெர்மான்ட் மூன்று வருஷத்தில் செய்யாமல் விட்ட வேலை எல்லாம் நம் கையில் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் மாநிலம் அமைத்த குழு தன் அறிக்கையைத் தந்தது, ஒரே பொது நிதி என்றால் மொத்தச் செலவு குறையும் என்றது. 2023இல் எஸ்பி 770 சட்டமானது, விலக்கு பெற என்ன வேண்டும் என்று மத்திய அரசோடு பேசத் தயாராகச் சொல்கிறது. கதவு திறக்கும் நாளில் கையில் முழு விண்ணப்பம் இருக்க வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் இன்னும் நான்கு வருஷம் போய்விடும்.

ஆடுதுறை (சாக்ரமென்டோ)

எனக்கு நம்பிக்கை வரல சார். 2017ல செனட் பாஸ் பண்ணிச்சு, சபாநாயகர் ரெண்டன் அதைச் சபைக்கே கொண்டுவரல. 2022 ஜனவரி 31, கெடு நாள், ஓட்டு போதலைன்னு கல்ராவே ஓட்டெடுப்புக்கு விடல. போராடின நர்ஸ் சங்கமே அவர் மேல கோபப்பட்டுது. வரிக்கான அந்த அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு வேணும், அப்புறம் மக்கள் ஓட்டு வேணும். 1988ல மக்கள் ஓட்டுப் போட்டு வந்த புரொபொசிஷன் 98 சட்டம் இருக்கு, மாநில வருமானத்துல சுமார் 40 சதவீதம் பள்ளிக்கூடத்துக்கு. மருத்துவத்துக்குன்னு வரி வாங்கினா அதுலயும் பங்கு அங்க போகும், அரசியல் சட்டத்தை மாத்தினாத்தான் உண்டு.

சரி, கணக்குக் கேட்டீங்களே. வருஷ விற்பனை 26 லட்சம் டாலர். ஆள் இருபத்திரண்டு பேர். இன்ஷூரன்ஸ் நாலு பேருக்குத்தான் தரேன், சமையல் மாஸ்டர் ரெண்டு பேர், மேனேஜர் ரெண்டு பேர். ஆளுக்கு மாசம் 650. மத்தவங்களுக்குத் தர முடியல. அது எனக்கு வருத்தம்தான். போன வருஷம் பாத்திரம் கழுவற பையன் ஒருத்தன் கை வெட்டுப்பட்டதை மறைச்சு ரெண்டு நாள் வேலை செஞ்சான். வேலையில பட்ட காயத்துக்கு நான்தான் கட்டணும், வொர்க்கர்ஸ் காம்ப் இருக்குன்னு அவனுக்குத் தெரியல. ஆஸ்பத்திரின்னாலே பயம்.

கரிசல்மண் (சான்டா கிளாரா)

சார், 2022 திருத்தத்தின்படியே போடுகிறேன்.

விற்பனை 26 லட்சம், முதல் 20 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 6 லட்சத்துக்கு 2.3 சதவீதம், 13,800 டாலர். சம்பளப் பட்டியல் வரி 1.25 சதவீதம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்குத்தான். உங்களுக்கு இல்லை. ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதவீதம், அதுவும் 49,900 டாலருக்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும்.

இன்று நீங்கள் நாலு பேருக்குக் கட்டுவது 650 பெருக்கல் 4 பெருக்கல் 12, 31,200 டாலர்.

31,200 எங்கே, 13,800 எங்கே? நாலு பேருக்குப் பதில் இருபத்திரண்டு பேருக்கும் காப்பு. பாத்திரம் கழுவும் பையனுக்கும், அவன் வீட்டாருக்கும்.

மதனி (ஃப்ரீமாண்ட்)

இந்தக் கணக்கை வெர்மான்ட்ல யாராவது கடைக்குக் கடை போட்டுக் காட்டியிருக்கணும்.

ஆடுதுறை (சாக்ரமென்டோ)

உட்கார்ந்து ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். என் ஒருத்தன் கணக்குக்கு நீங்க சொல்றது சரி. இதை நான் எதிர்பார்க்கல.

ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. எனக்கு அரிசி, எண்ணெய் சப்ளை பண்றவர் மொத்த வியாபாரி. கோடிக்கணக்கில விற்பனை, லாபம் ஒண்ணரை சதவீதம். அவருக்கு 2.3 போட்டா அவர் அரிசி விலைல வைப்பார். அவருக்குச் சப்ளை பண்ற மில்லும் வைக்கும். ஒரே மூட்டைக்கு மூணு இடத்துல வரி. கடைசியில அது என் இட்லி விலைல வந்து நிக்கும். விற்பனை வரியை எடுத்துட்டுச் சம்பளத்து மேல போடுங்க, சின்னவனுக்குக் குறைச்சு, பெரியவனுக்கு ஏத்தி. அப்படின்னா நான் எதிர்க்க மாட்டேன்.

வெண்சட்டை (ஃப்ரெஸ்னோ)

ஆடுதுறை சொல்வதை நான் ஆமோதிக்கிறேன். படிப்படியாக ஏறும் சம்பள வரி என்றால் எங்கள் பக்கத்துப் பண்ணை முதலாளிகளிடமும் பேச முடியும்.

கரிசல்மண் (சான்டா கிளாரா)

அப்படியானால் எழுதிவிடுவோம். கல்ரா ஆபீஸுக்கும் கன்னா ஆபீஸுக்கும் ஒரு பக்கக் கடிதம். நேற்று இரவு பாதி எழுதினேன், மகளின் கோப்ரா மாதங்களிலிருந்து தொடங்குகிறது. மதனி பில்லிங் பத்தி எழுதித் தாருங்கள், வேலை இழப்பவர்களுக்குப் பயிற்சி என்பதையும் சேர்த்து. டாக்டர், ஆஸ்பத்திரி பட்ஜெட்டும் மடேராவும் உங்களுடையது. செல்வி அக்கா சொன்னபடி மருந்து கட்டாயம் உள்ளே. எரிசா பத்தியைக் கணக்கப்பிள்ளை சரிபார்த்துத் தந்தால் நிம்மதி. விசாவில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போடத் தடை எதுவும் இல்லை.

வரிப் பத்தியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஆடுதுறை சார், அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆடுதுறை (சாக்ரமென்டோ)

எனக்கு எழுத வராது சார், சொல்றேன், நீங்க எழுதிக்குங்க. அரிசி மூட்டை விஷயம் அப்படியே வரணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கடை அடைப்பேன், அதுக்கப்புறம் பேசலாம். அந்தப் பையனையும் கூட வெச்சுக்கறேன், அவன் கதையை அவனே சொல்லட்டும்.